பானை உழவனின் கண்டுபிடிப்பா? வரலாற்றுக்கு முந்தைய பானைகள் பற்றி ஒரு விவாதம்

1. ஆற்றுமணல்

பள்ளியில் நாம் படித்த வரிசை இது: மனிதன் வேட்டையாடினான், பிறகு விதைத்தான், விளைந்ததைச் சேர்த்து வைக்க ஏனம் வேண்டியிருந்தது, எனவே பானை வனைந்தான். தொல்லியலாளர் கோர்டன் சைல்டு 1930களில் புதிய கற்காலப் புரட்சி பற்றி எழுதியபோது உழவு, நிலைத்த ஊர், மெருகேற்றிய கல்லாயுதம், பானை எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டினார். அவர் கையில் இருந்த தடயங்கள் மேற்காசியாவையும் ஐரோப்பாவையும் சேர்ந்தவை. அவரைக் குறை சொல்ல முடியாது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் நாம் அந்த மூட்டையை அவிழ்க்காமல் வைத்திருப்பதற்குத்தான் சாக்கு கிடையாது.

கிழக்காசியாவுக்கு வாருங்கள். தென்சீனத்து ஜியாங்சி மாநிலத்தில் சியன்ரென்தோங் என்றொரு குகை இருக்கிறது. அங்கே கிடைத்த மிகப் பழைய பானை ஓடுகளுக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டு வயது என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. பனியூழியின் கடுங்குளிர்க் காலம் அது. அங்கே நெல் பயிராக இன்னும் சுமார் 10,000 ஆண்டுகள் இருந்தன. ஓடுகள் சிலவற்றின் வெளிப்புறம் தீயில் கருகியிருக்கிறது. அதாவது அடுப்பில் ஏறிய பானை. ஹூனான் மாநிலத்து யூச்சன்யான் குகையில் சுமார் 18,000 ஆண்டுப் பழமையான ஓடுகள் கிடைத்தன. ஜப்பானின் அவோமோரிப் பகுதியில் உள்ள ஓதாய் யாமாமோத்தோவில் கிடைத்தவை 16,000 ஆண்டுகளுக்கும் மூத்தவை. ரஷ்யாவின் தூரகிழக்கில் ஆமூர் ஆற்றங்கரையிலும் ஏறக்குறைய அதே காலத்துப் பானைகள் உண்டு. இவர்களில் ஒருவர்கூட உழவர் அல்லர். வேட்டையாடியும் மீன்பிடித்தும் காயும் கொட்டையும் பொறுக்கியும் வாழ்ந்தவர்கள்.

மறுபுறம் மேற்காசியா. தொல்லியலாளர் காத்லீன் கென்யான் 1950களில் எரிக்கோவைத் தோண்டினார். ஊர் இருக்கிறது, வீடு இருக்கிறது, தானியம் இருக்கிறது. பானை மட்டும் இல்லை. அந்த அடுக்குகளுக்கு ‘பானைக்கு முந்தைய புதிய கற்காலம்’ என்றே அவர் பெயர் வைக்க வேண்டியதாயிற்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வட்டாரத்தார் பானையே இல்லாமல் தானியம் தின்று காலம் தள்ளியிருக்கிறார்கள்.

உழவு இல்லாத இடத்தில் பானை. பானை இல்லாத இடத்தில் உழவு. எனவே என் வாதம்: பானை பத்தாயத்தின் தம்பி இல்லை. அது நீர்க்கரையில் வாழ்ந்த வேட்டைக்குடிகளின் அடுக்களைக் கருவி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

2. பின்வரிசை

அரிசி இல்லை, பருப்பு இல்லை, பானை மட்டும் இருந்தது என்கிறீர்கள். மாதக் கடைசியில் எங்கள் வீட்டு நிலைமையும் இதுதான். சரி, அந்தப் பானைக்குள் என்னதான் கொதித்தது?

3. ஆற்றுமணல்

பெரும்பாலும் மீன். ஊகமாகச் சொல்லவில்லை. ஆலிவர் கிரெய்க் தலைமையிலான குழு 2013இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஜப்பானின் 13 தொல்லியல் இடங்களிலிருந்து, ஜோமோன் எனப்படும் வரலாற்றுக்கு முந்தைய காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்த பானைகளின் கருகிய படிவுகள் 101 எடுத்துச் சோதித்தார்கள். சுமார் 15,000 முதல் 11,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட பானைகள் அவை. பெரும்பாலானவற்றில் கடல் மீனோ ஆற்று மீனோ, எப்படியும் நீர்வாழ் உயிரின் சுவடு. காட்டில் மானும் பன்றியும் திரிந்தன. இருந்தும் பானைக்கு வந்தது மீன்தான்.

இதைவிட வியப்பு தோரிஹாமாவில். ஃபுக்குயி மாவட்டத்தில் ஏரிக்கரையில் உள்ள பழைய குடியிருப்பு அது. 9,000 ஆண்டுகள் நீளும் பானை வரிசையை அங்கே சோதித்து 2016இல் முடிவு வெளியிட்டார்கள். இடையில் பனியூழி முடிந்து, காடு அடர்ந்து, மானும் காட்டுப்பன்றியும் பெருகிவிட்டன. பானையின் வேலை மட்டும் பெரிதாக மாறவில்லை, மீனே தொடர்ந்தது.

4. சுண்ணாம்புக்கல்

தம்பி ஆற்றுமணல், உற்சாகம் நல்லதுதான். வேதியியல் கற்பித்த பழக்கத்தில் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்.

ஒன்று. சியன்ரென்தோங் ஓடுகளின் வயது என்கிறீர்கள். ஓட்டின் வயதை யாரும் அளக்கவில்லை. அதே மண்ணடுக்கில் கிடந்த எலும்புக்கும் கரிக்கும் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்புச் (உயிர்ப்பொருளில் எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது காண்பது) செய்திருக்கிறார்கள். குகைத் தரை வங்கிப் பெட்டகம் இல்லை. எலி வளை தோண்டும், நீர் வரும், பின்னால் வந்தவன் அடுப்புக் குழி வெட்டுவான். மேலே கிடந்த ஓடு கீழே இறங்கியிருக்கலாம். அடுக்குகள் கலைந்திருக்கக்கூடும் என்ற ஐயத்தை ஆய்வாளர்களே எழுப்பியிருக்கிறார்கள்.

இரண்டு. ஜப்பானியப் பானைகளில் ஒட்டிய கரியையே கணித்தார்கள். அது நேரடிச் சான்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கரி மீனுடையது என்று நீங்களே சொல்கிறீர்கள். கடல்நீரில் பழைய கரிமம் தேங்கியிருக்கிறது. அதைத் தின்று வளர்ந்த மீனின் கரி, உண்மை வயதைவிடச் சில நூறு ஆண்டுகள் கூட்டிக் காட்டும். உங்கள் இரண்டாம் சான்று உங்கள் முதல் சான்றின் காலை வாருகிறதே?

5. ஆற்றுமணல்

ஐயா, இரண்டுமே நியாயமான கேள்விகள்.

சியன்ரென்தோங்கை 1960களில் தோண்டினார்கள். 1990களில் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து மீண்டும் தோண்டினார்கள். 2012 ஆய்வுக்காகப் பழைய குழிகளின் சுவர்களைச் சுத்தம் செய்து, அடுக்கு அடுக்காக மாதிரி எடுத்து, மண்ணின் நுண்ணமைப்பையும் பார்த்தார்கள். அடுக்கு கலைந்ததற்கு அடையாளம் இல்லை என்பது அவர்கள் முடிவு. அதை ஏற்க மனமில்லாதவர்கள் 20,000 என்ற எண்ணை ஒதுக்கி வைத்துவிடலாம். என் வாதத்துக்கு நட்டமில்லை. கடல்மீன் கணக்கில் 500 ஆண்டைக் கழித்தாலும் ஓதாய் யாமாமோத்தோ பனியூழியை விட்டு வெளியே வரப்போவதில்லை. ஜப்பானில் நெல் வயல்கள் வந்தது கி.மு. முதல் ஆயிரமாண்டில். இடைவெளி பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அதில் சில நூறு கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

6. கண்ணாடிக்குடுவை

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பானை ஓட்டில் மீனை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். பலர் இதைக் கைரேகை ஜோசியம் போல நினைத்துக்கொள்கிறார்கள்.

மெருகு பூசாத மண்பானை நுண்துளைகளால் ஆனது. சமைக்கும்போது கொழுப்பு உருகி அந்தத் துளைகளுக்குள் இறங்கிவிடும். மேலே ஒட்டிய கரி உதிர்ந்தாலும் உள்ளே இறங்கியது அவ்வளவு எளிதில் வெளியேறாது. ஆய்வாளர் முதலில் ஓட்டின் மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிடுவார். மண்ணிலிருந்தும் தொட்டவர் கையிலிருந்தும் வந்த எண்ணெய் அதில் இருக்கும். பிறகு உட்புறத்தில் துளையிட்டுச் சிறிதளவு பொடி எடுத்து, கரைப்பானில் ஊறவைத்து, வாயு நிறப்பிரிகைக் கருவியில் ஏற்றுவார். கலவை தனித்தனிச் சேர்மங்களாகப் பிரிந்து வரும். ஒவ்வொன்றின் நிறையையும் அடுத்த கருவி அளக்கும்.

மாட்டுக் கொழுப்பு, பால், பன்றிக் கொழுப்பு, மீனெண்ணெய் எல்லாவற்றிலும் பால்மிடிக், ஸ்டியரிக் அமிலங்கள் உண்டு. ஆனால் அவற்றில் உள்ள கரிம ஓரிடத்தான்களின் (நிறையில் மட்டும் வேறுபடும் கரிம அணுக்கள்) விகிதம் வேறுபடும். பாலையும் இறைச்சியையும் பிரித்தறிவது இதை வைத்துத்தான். மீனுக்கு இன்னொரு தடயம் உண்டு. மீனெண்ணெயில் நிறைவுறா கொழுப்பு அமிலங்கள் அதிகம். அவை உயர்ந்த சூட்டில் நெடுநேரம் கிடந்தால் வளைய அமைப்புக் கொண்ட அமிலங்களாக மாறிவிடும். பச்சை மீனில் இவை கிடையா. எனவே ஓட்டில் இவை இருந்தால் இரண்டு செய்திகள் ஒன்றாகக் கிடைக்கின்றன: உள்ளே மீன் இருந்தது, அது அடுப்பில் சூடேறியது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த முறை கொழுப்பைத்தான் பிடிக்கும். கிழங்கு, கீரை, மாவு போன்றவற்றில் கொழுப்பு மிகக் குறைவு. அவை கருவியின் கண்ணில் பெரும்பாலும் படா. “மீன் மட்டும் சமைத்தார்கள்” என்று அடித்துச் சொல்ல முடியாது. “மீன் நிச்சயம் சமைத்தார்கள்” என்பதுதான் சரி.

7. நெய்தல்

இதற்கு இவ்வளவு கருவி எதற்கு? எங்கள் ஊர்ப் பெண்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களே. மீன் குழம்பு வைத்த சட்டியை எத்தனை முறை சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாலும், அதில் பால் காய்ச்ச மாட்டோம். காய்ச்சினால் பால் நாறும். மீன் சட்டிக்குத் தனி இடம், அதைக் கழுவும் நாருக்கும் தனி இடம். புதுச் சட்டி வாங்கினால் அரிசி கழுநீரை ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்கிவிட்டுத்தான் குழம்பு வைப்போம், இல்லாவிட்டால் ஒழுகும். சட்டி குடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

எனக்கு ஒரு கேள்வி. மீனைக் குச்சியில் குத்திச் சுட்டுத் தின்றால் போதாதா? சுட்ட மீனின் ருசி குழம்பில் வராது. எதற்காக மெனக்கெட்டுப் பானை?

8. வேளார்வீட்டுப்பிள்ளை

‘மெனக்கெட்டு’ என்ற சொல்லுக்காக எழுதுகிறேன். நான் மானாமதுரைப் பக்கத்தில் சூளை வைத்திருக்கும் குடும்பத்துக்காரன்.

களிமண்ணை நெருப்பில் போட்டால் கெட்டியாகும் என்பது பெரிய ரகசியம் இல்லை. அடுப்பு எரிந்த தரையைக் குத்திப் பார்த்தால் எவனுக்கும் தெரியும். உள்ளே வெற்றிடம் உள்ள, மெல்லிய சுவருள்ள ஒன்றை நெருப்பில் இட்டு உடையாமல் எடுப்பதுதான் வேலை. கையால் தொட்டால் உலர்ந்த பானை போலத்தான் இருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். அதைத் திடீரென்று தீயில் வைத்தால் ஈரம் ஆவியாகி, வழி கிடைக்காமல் பானையைப் பிளந்துகொண்டு வரும். சூளைக்குள்ளிருந்து ‘டப்’பென்று சத்தம் வந்தால் ஒரு பானை போயிற்று என்று கணக்கு. அதனால் நிழலில் உலர்த்தி, பிறகு வெயில் காட்டி, முதலில் புகைச்சூடு மட்டும் கொடுத்து, அப்புறம்தான் எரியவிடுவோம். 500, 600 டிகிரியைத் தாண்டினால் மண்ணுக்குள் கட்டுண்டு கிடக்கும் நீரும் போய்விடும். அதன் பிறகு அது பழையபடி குழையாது. சூளைக் கட்டடம் இல்லாமல் திறந்த வெளியில் விறகும் வைக்கோலும் அடுக்கி எரித்தாலே அந்தச் சூடு கிடைத்துவிடும். அந்தக் காலத்தார் அப்படித்தான் சுட்டிருப்பார்கள்.

மண் தேர்வு அடுத்தது. தண்ணீர்ப் பானைக்கு ஒரு கலவை, அடுப்பில் ஏறும் சட்டிக்கு வேறு கலவை. சட்டிக்கு மணல் கூடுதலாகப் போட வேண்டும். வெறும் களிமண்ணில் செய்த சட்டி உலரும்போதே சுருங்கி வெடிக்கும். தப்பினாலும் அடுப்பில் வைத்ததும் கீறல் விடும். மணல் கலந்தால் கீறல் தொடங்கினாலும் ஓடாது, மணல் மறித்துவிடும். சியன்ரென்தோங் ஓடுகளில் கல்லைப் பொடித்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று படித்தேன். ஆமூர்க்கரைப் பானைகளில் புல்லைக் கலந்திருக்கிறார்கள். தற்செயலாகச் செய்த காரியம் இல்லை இது. அடுப்பில் ஏற்றுவதற்கென்றே யாரோ மண்ணைக் கூட்டிப் பிசைந்திருக்கிறார்கள். சக்கரமே இல்லாத காலத்தில், மண்ணைத் திரித்தும் தட்டியும் சுவர் எழுப்பி, இவ்வளவையும் கண்டுபிடித்தவனைச் சாதாரண ஆள் என்று நான் நினைக்கவில்லை.

9. சுண்ணாம்புக்கல்

அருமையான பதிவு, தம்பி. நீங்கள் சொன்ன வெடிப்புக்கு மிகப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. செக் நாட்டில் தோல்னி வியஸ்தோனித்சே என்ற இடத்தில் 25,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட சுடுமண் உருவங்கள் கிடைத்தன. 1925இல் கண்டெடுத்த பெண்ணுருவம் 11 சென்டிமீட்டர்தான் உயரம். அதன் முதுகில் ஒரு குழந்தையின் விரல் பதிந்திருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கில் உடைந்த சுடுமண் துண்டுகளும் கிடந்தன. அவற்றை ஆராய்ந்த பமேலா வாண்டிவர், பல துண்டுகள் நெருப்பில் வெடித்துச் சிதறியவை என்றார். வெடிக்க வேண்டும் என்றே ஈரத்தோடு எறிந்திருக்கலாம் என்றும் ஒரு கருத்துச் சொன்னார்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. மண்ணைச் சுடத் தெரிந்த அந்த மக்கள் ஒரு சட்டி செய்யவில்லை. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கை இருந்தது, மண் இருந்தது, தீ இருந்தது. தேவை இல்லை. அறிவு வந்தவுடன் கருவி வந்துவிடும் என்ற எண்ணத்துக்கு இது நல்ல அடி.

10. வைகைக்கரை

ஜப்பான், சீனா, செக் என்று ஊர் ஊராகப் போகிறீர்கள். கீழடி ஓடுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? நம் கருப்பு சிவப்புப் பானைகள் கண்ணில் படவில்லையா?

11. ஆற்றுமணல்

படாமல் இல்லை, நண்பரே. கீழடியின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்று தமிழகத் தொல்லியல் துறை அறிவித்திருக்கிறது. அங்கே கிடைத்த ஓடுகளில் எழுத்தே கீறியிருக்கிறது. அது சக்கரமும் சூளையும் வாணிகமும் கைவந்த நகர மக்களின் பானை. இந்த இழையின் கேள்வி அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முந்தையது. தமிழ்நாட்டில் கையால் வனைந்த பழைய பானைகள் வேண்டுமென்றால் பையம்பள்ளியின் புதிய கற்காலச் சாம்பல் நிறப் பானைகளிலிருந்து தொடங்கலாம். அங்கும் மக்கள் உழவர்களே.

12. நெறியாளர்

கீழடிக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சை அங்கே தொடரவும். இங்கே பானையின் தொடக்கம் மட்டும்.

13. யாழ்வாசி

எல்லோரும் பானையைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்கள். நான் மறுபக்கம் பேசுகிறேன்.

நீர் கொதிக்கப் பானை தேவையில்லை. கல்லைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, தண்ணீர் உள்ள தோல் பையிலோ மரப்பெட்டியிலோ போட்டால் தண்ணீர் கொதிக்கும். வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையோரத் தொல்குடிகள் தேவதாருப் பலகையை நீராவியில் வளைத்து, நீர் கசியாத பெட்டி செய்து, அதில் சூடான கற்களைப் போட்டே சமைத்தார்கள். கலிபோர்னியாவில் நெருக்கமாகப் பின்னிய கூடையில் இதே முறையில் ஓக் கொட்டை மாவைக் கஞ்சியாக்கினார்கள். கவனியுங்கள்: வடமேற்குக் கரையார் சால்மன் மீனை நம்பி வாழ்ந்தவர்கள். ஆற்றுமணல் சொல்லும் ‘நீர்க்கரை மீன்குடி’ இலக்கணத்துக்கு இவர்களைவிடப் பொருத்தமான மக்கள் கிடையாது. பெரிய ஊர், பெரிய மரவீடு, விருந்து, செல்வம் எல்லாம் இருந்தன. பானை இல்லை.

இன்னும் கேளுங்கள். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் லப்பித்தா மக்கள் பசிபிக் தீவுகளில் தோங்கா, சமோவா வரை படகில் போனார்கள். பல்வரிசை போன்ற அச்சால் முகங்கள் பதித்த அழகான பானைகளைக் கொண்டுபோனார்கள். பிறகு என்ன நடந்தது? அலங்காரம் மறைந்தது, வெறும் பானை மிஞ்சியது, கடைசியில் சமோவாவிலும் தோங்காவிலும் பானை வனைவதே நின்றுபோயிற்று. களிமண் தீர்ந்துவிடவில்லை. நிலத்தில் குழி வெட்டி, சூடான கல் பரப்பி, கிழங்கையும் ஈரப்பலாவையும் இலையில் பொதிந்து மூடி வேகவைத்தார்கள். அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள். அங்கிருந்து கிளம்பியவர்களின் வழிவந்தோர் ஹவாயையும் நியூசிலாந்தையும் பானை இல்லாமலே கண்டடைந்து குடியேறினார்கள். விண்மீன் பார்த்துப் பெருங்கடல் தாண்டியவர்களைப் பின்தங்கியவர்கள் என்று யார் சொல்வது?

பானை நாகரிகத்தின் படிக்கட்டு என்றால், ஏறியவர்கள் ஏன் இறங்கினார்கள்?

14. நெய்தல்

யாழ்வாசி அண்ணா, இந்த இழையில் இதுவரை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த பதிவு இதுதான். ஆனாலும் சமைக்கிறவளாகச் சொல்கிறேன். கல்லைக் காய்ச்சிப் போட்டுச் சமைப்பதென்றால் பக்கத்திலேயே குந்தியிருக்க வேண்டும். கல் ஆறும், எடுக்க வேண்டும், வேறு கல் போட வேண்டும், சாம்பல் உள்ளே விழும். பானை என்றால் ஏற்றிவிட்டு, விறகைத் தணித்துவிட்டு, பிள்ளையைப் பார்க்கப் போகலாம். மெல்லிய தீயில் மணிக்கணக்காகக் கிடக்கவிடலாம். பானையின் பெரிய கொடை அந்தக் கைவிடுதலைதான் என்று நினைக்கிறேன்.

15. ஆற்றுமணல்

இதற்குச் சான்று துருக்கியில் இருக்கிறது. சத்தால்ஹூயூக் ஊரின் தொடக்க அடுக்குகளில் முஷ்டி அளவு களிமண் உருண்டைகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றைக் காய்ச்சித்தான் சமைத்திருக்கிறார்கள். கி.மு. 6500ஐ ஒட்டி அடுப்பில் ஏறும் மெல்லிய பானை பரவுகிறது. உருண்டைகள் குறைந்து மறைகின்றன. ஒரே ஊரில், ஒரே குடும்பங்களின் வழியில், சமையல் முறை மாறிய தடம் அது.

மணிக்கணக்காகக் கொதிக்கவிடுவதால் என்ன கிடைக்கும் என்பதும் முக்கியம். எலும்பை உடைத்துக் கொதிக்கவிட்டால் அதன் கொழுப்பு மேலே மிதந்து வரும். கடுங்குளிரில் கொழுப்பு உயிர்காப்பது. கசப்பேறிய ஓக் கொட்டையும் குதிரைச் செஸ்ட்நட் மரத்தின் கொட்டையும் நீரில் ஊறியும் கொதித்தும்தான் தின்னத் தகுந்ததாகும். ஜோமோன் மக்களின் பிற்கால உணவில் இவற்றுக்குப் பெரிய இடம் உண்டு. மீனைச் சுட்டால் கொழுப்பு நெருப்பில் சொட்டி வீணாகும். பானையில் போட்டால் எண்ணெயாகச் சேரும். நெய்தல் அக்காவின் ‘சுட்டுத் தின்றால் போதாதா’ என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

யாழ்வாசிக்கு: வடமேற்குக் கரையார் பற்றிய உங்கள் அடி வலிமையானது. அது உடைப்பது என் வாதத்தையா, படிக்கட்டுக் கதையையா என்று பாருங்கள். நான் பானை கட்டாயம் என்று சொல்லவில்லை. உழவோடு கட்டாதீர்கள் என்றேன். பிளந்து வளைக்கத் தேவதாரு கிடைத்த இடத்தில் பெட்டி, கிழங்கு கிடைத்த தீவில் குழியடுப்பு, ஜப்பானில் பானை. ஃபிஜித் தீவார் அதே லப்பித்தா வழியில் வந்தும் இன்றுவரை பானை வனைகிறார்கள். பானையை விட்டவரும் விடாதவரும் அண்டை வீட்டுக்காரர்கள்.

16. கண்ணாடிக்குடுவை

பிள்ளைகள் பற்றி நெய்தல் சொன்னதால் இது. குழைய வெந்த கஞ்சியும் கால்நடைப் பாலும் கிடைத்தால் தாய்ப்பாலை விரைவில் நிறுத்தலாம், அடுத்த பிள்ளை விரைவில் பிறக்கும், மக்கள்தொகை கூடும் என்று ஒரு வாதம் உண்டு. அதை முழுமையாக நிறுவுவது கடினம். ஆனால் கையில் பிடிக்கத்தக்க சான்று ஒன்று பவேரியாவில் இருக்கிறது. வெண்கல, இரும்புக் காலத்துக் குழந்தைக் கல்லறைகளில் மூக்கு வைத்த சின்னஞ்சிறு கிண்ணங்கள் கிடைத்தன. அவற்றில் மூன்றைச் சோதித்து 2019இல் முடிவு வெளியிட்டார்கள். மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்கின் பால் இருந்திருக்கிறது. பால் புகட்டும் கிண்ணத்தையே பிள்ளையோடு புதைத்திருக்கிறார்கள். சங்கடையில் பால் புகட்டிய நம் பாட்டிமாருக்கு அதன் பயன் பார்த்தவுடன் விளங்கியிருக்கும்.

பால் என்றதும் இன்னொன்று. போலந்தில் துளையிட்ட பானை ஓடுகள் நெடுங்காலம் புதிராக இருந்தன. தயிரை வடிகட்டிப் பாலாடைக்கட்டி செய்யும் சல்லடை என்று தொல்லியலாளர் பீட்டர் பொகுக்கி 1980களிலேயே சொன்னார். 2013இல் அந்த ஓடுகளில் பால்கொழுப்பு கண்டறியப்பட்டது. காலம் கி.மு. ஆறாம் ஆயிரமாண்டு. அந்நாளில் பெரியவர்களில் பெரும்பாலோர்க்குப் பச்சைப்பால் செரிக்காது, கட்டியாக்கினால் செரிக்கும். உழவரும் ஆயரும் வந்த பிறகு பானைக்குப் புதிய வேலைகள் கிடைத்தன என்பதற்காகச் சொல்கிறேன். முதல் வேலையும் பிந்தைய வேலையும் வேறு வேறு.

17. சுண்ணாம்புக்கல்

ஒரு கருத்து இன்னும் வரவில்லை. பிரையன் ஹேடன் என்ற தொல்லியலாளர், தொடக்ககாலப் பானை அன்றாடச் சமையலுக்கு உரியதே அல்ல, விருந்துக்கு உரியது என்கிறார். பருவத்தில் மீன் ஏறி வரும், ஊர் கூடும், அப்போது நாலு பேர் வியக்க விருந்து வைத்துத் தன் பெருமையைக் காட்ட அரிய பொருள் வேண்டும். ஜோமோன் தொடக்க காலத்து இடங்களில் கிடைக்கும் ஓடுகள் மிகக் குறைவு என்பதை இதற்குத் துணையாகச் சொல்லலாம். தினம் சமைத்து உடைத்திருந்தால் குவியல் குவியலாகக் கிடக்க வேண்டுமே. காலநிலை வெப்பமான பிறகு, சுமார் 11,500 ஆண்டுகளுக்குப் பின்தான் பானைகள் பெருவாரியாகின்றன.

எனக்கு இந்தக் கருத்தில் பாதிதான் உடன்பாடு. ஓடு குறைவு என்பதற்கு ஊர் விட்டு ஊர் அலையும் வாழ்க்கையும் காரணமாக இருக்கலாம். பானையைத் தூக்கிக்கொண்டு அலைவது சுகமான காரியம் இல்லை. மீன் ஏறும் ஆற்றங்கரைக்குப் பருவந்தோறும் வந்து, அங்கேயே வனைந்து, பயன்படுத்தி, அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

18. பின்வரிசை

ஆக, உலகின் முதல் பானை கல்யாண வீட்டு அண்டா என்கிறார் ஒருவர். வீட்டுச் சட்டி என்கிறார் இன்னொருவர். இருக்கட்டும். வனைந்தது யார்? ஆணா, பெண்ணா? பதிவு முழுக்க ‘மனிதன் வனைந்தான்’ என்றே போகிறது.

19. வேளார்வீட்டுப்பிள்ளை

எங்கள் பக்கம் சக்கரம் சுற்றுவது ஆண், மண் மிதிப்பதிலும் பானை தட்டுவதிலும் அடுக்குவதிலும் பெண்கள் பங்கு உண்டு. மணிப்பூரின் ஆந்த்ரோ கிராமத்தில் நேர்மாறு: வனைவது பெண்கள், சக்கரமே கிடையாது. பானையை நடுவில் வைத்துவிட்டு அதைச் சுற்றி இவர்கள் நடந்து வனைகிறார்கள். சுடுவதும் திறந்த வெளியில். சக்கரம் வந்தது மேற்காசியாவில் கி.மு. நாலாம் ஆயிரமாண்டை ஒட்டி. அதற்கு முந்திய பானை முழுவதும் கை வேலை. கையால் வனையும் வழக்கம் உள்ள இடங்களில் உலகெங்கும் பெண்களையே அதிகம் பார்க்கிறோம். அதனால் ‘வனைந்தாள்’ என்று எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை.

20. கண்ணாடிக்குடுவை

விரல் ரேகைக் கோடுகளின் அகலம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சராசரியில் வேறுபடும். அதை வைத்து அமெரிக்காவின் சாக்கோ பள்ளத்தாக்குப் பானைகளை ஆராய்ந்து 2019இல் எழுதினார்கள். பெண்கள் மட்டுமே வனைந்தார்கள் என்று நெடுங்காலம் நம்பிய இடம் அது. இருபாலாரின் ரேகையும் இருந்தது. விகிதமும் காலத்துக்குக் காலம் மாறியிருந்தது. ஆனால் அது சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கதை. 16,000 ஆண்டுக்கு அதை நீட்ட வேண்டாம்.

21. யாழ்வாசி

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். ஜோமோன் என்றாலே எல்லோரும் படம் போடுவது அந்தத் தீச்சுடர்ப் பானையைத்தான்: வாய் விளிம்பில் சேவல் கொண்டை போல, அலை போல, நாலு பக்கமும் எழும்பி நிற்கும் வேலைப்பாடு. அதில் சமைத்தார்களா? அகப்பையை விடவே இடம் இருக்காது போலிருக்கிறதே.

22. ஆற்றுமணல்

நீகாத்தா மாவட்டத்துச் சாசாயாமாவில் கிடைத்த அந்தப் பானைகள் சுமார் 5,000 ஆண்டுப் பழமையானவை. 1999இல் ஜப்பான் அரசு அவற்றைத் தேசியச் செல்வமாக அறிவித்தது. ஓதாய் யாமாமோத்தோவின் அலங்காரமற்ற ஓட்டுக்கும் இதற்கும் இடையில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. கயிற்றை அழுத்திக் கோலமிடும் வழக்கம் இடையில் வந்தது. 1877இல் தோக்கியோ அருகே ஓமோரிச் சிப்பிமேட்டைத் தோண்டிய எட்வர்டு மோர்ஸ் அந்தத் தடத்தை வைத்து ஆங்கிலத்தில் சூட்டிய பெயரின் ஜப்பானிய வடிவம்தான் ஜோமோன்.

சமைத்தார்கள். தீச்சுடர்ப் பானைகளில் கரியும் புகைக்கறையும் இருக்கின்றன. அன்றாடச் சமையலா, ஆண்டுக்கொரு திருநாளா என்பதில்தான் சண்டை. சுண்ணாம்புக்கல் ஐயா ஹேடனின் விருந்தை இங்கே கொண்டுவந்தால் நான் எதிர்க்க மாட்டேன்.

23. வேளார்வீட்டுப்பிள்ளை

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பு வேலைப்பாடு தடிமன், வயிற்றுச் சுவர் அதைவிட மெல்லியது. இரண்டும் ஒரே வேகத்தில் உலராது. மெல்லியது முந்திக்கொண்டு சுருங்கும், சேர்ந்த இடத்தில் பிளக்கும். இதை உலர்த்துவதற்கே தனிப் பொறுமை வேண்டும். வயிற்றுச் சுவரின் மேல் ஈரத்துணியோ இலையோ போட்டு நிதானப்படுத்தியிருப்பார்கள். எங்கள் வீட்டில் எவனாவது இப்படி ஒரு சட்டி வனைந்தால், “இதை எவன் கழுவுவது?” என்று முதலில் என் அம்மாதான் கேட்பார்.